கண்ணாடி நாட்களில் ஆல்கோட்

இடது காலைப் பனிமேட்டில் ஊன்றிக்கொண்டு, வலது காலை மட்டும் சாலையில் வைக்கிறார் ஆல்கோட். குதிகாலால் ஒரு தட்டு. பிறகு அந்தக் காலை மெல்ல முன்னால் தள்ளிவிடுகிறார். அது எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போகிறதோ, அதை வைத்து அன்றைய சாலைக்குப் பெயர். அவரிடம் இருப்பவை மூன்றே பெயர்கள். காலடியில் நறநறத்தால் சர்க்கரை. மேலே ஈரமும் அடியில் இறுக்கமுமாக இருந்தால் சோப்பு. மழை விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டால் கண்ணாடி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தினமும் காலை ஆறு மணிக்கு இந்தச் சோதனை நடக்கும். முடிவை யாரிடமும் சொல்வதற்கில்லை. அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உள்ளே போவார்.

பெயரைப் பொறுத்துத்தான் வண்டி. கொட்டகையில் மூன்று நிற்கின்றன, மூன்றும் ராணுவம் கழித்துக் கட்டி ஏலம் விட்டவை, மூன்றுக்கும் அதே மங்கிய பச்சை. குட்டையான நான்கு சக்கர வண்டியைப் படையில் எல்லோரும் 'நாய்க்குட்டி' என்றுதான் கூப்பிட்டார்களாம். பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனபோது ஆல்கோட் ஓட்டப் பழகியது அப்படி ஒன்றில்தான். அடுத்தது ஆறு சக்கர லாரி. மூன்றாவது, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டைகளில் ஓடும் இரட்டைப் பெட்டி வண்டி. முன்பெட்டியில் ஓட்டுபவர், பின்பெட்டியில் ஆட்கள். என்ஜின் போடும் சத்தத்தில் ஒரு பெட்டிக்காரர் பேசுவது அடுத்த பெட்டிக்குக் கேட்காது என்பதால், இடையில் கம்பி இழுத்து ஒரு பழைய ராணுவக் களத் தொலைபேசியைப் பொருத்தியிருக்கிறார்.

மரமில்லில் ரம்பம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. வண்டிகளின் பேட்டரிகள் குளிரில் செத்துவிடும் என்று மூன்றையும் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கிறார். "இந்த வீட்ல தூங்கறது நாங்க நாலு பேருதான்" என்பார். அந்தப் பக்கத்து வழக்கப்படி காபிக் குவளையில் பாலாடைக் கட்டித் துண்டுகளைப் போட்டு, அவை ஊறும்வரை உட்கார்ந்திருப்பார். நாய்க்குட்டியின் ஹீட்டர் முழங்காலைச் சுடும், இல்லாவிட்டால் வேலையே செய்யாது. "ரெண்டுக்கும் நடுவுல அதுக்கு எதுவும் தெரியாது. என் அப்பா மாதிரி."

லோங்பெர்க் மலைச்சாலையில் சறுக்கி ஓரப் பள்ளத்தில் விழுந்தவர்களை இழுத்து வெளியே விடுவது அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியான நான் ஆறு குளிர்காலங்களுக்கு முன்னால் என் சிறிய காரோடு அந்தப் பள்ளத்தில் மூக்குக் குத்தி நின்றபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஸ்டியரிங்கை விட்ரு. நீ எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் காரு பள்ளத்துலதான் இருக்கு."

சங்கிலி மாட்டி என்னை மேலே இழுத்துவிட்டு, தெர்மோஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை வண்டியில் சாய்ந்து நின்றார். போகச் சொன்னால் போய்விடுவார், இருக்கச் சொன்னால் இருந்துவிடுவார் என்பதுபோல ஒரு நிற்பு. அன்று எனக்கு அவசரம்.

"உங்க நம்பர் கொடுங்க, எப்பவாவது தேவைப்படும்" என்றேன்.

"இந்த மலையில எல்லார்கிட்டயும் என் நம்பர் இருக்கு. பனி உருகிச்சுன்னா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வானிலைச் செய்தி போலச் சொன்னார்.

மனைவி சோல்வெய்க் தெற்கே, பனி தங்காத மால்மோவில் மகளோடு இருக்கிறாள். போய் ஒன்பது வருடம். சண்டையில்லை, மணவிலக்கும் இல்லை. "ஒரு குளிர்காலத்துக்குன்னு சொல்லிட்டுத்தான் போனா. அந்தக் குளிர்காலம் இன்னும் முடியல" என்பார். கிறிஸ்துமஸுக்கு அவள் பின்னிய காலுறைகள் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்து, வண்டிகளை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று கேட்பாள்.

அந்த உயரத்தில் அவருக்கு அடுத்த வீடு என்று இருப்பது ஒன்றே ஒன்று. நூறு மீட்டர் தள்ளி ருனேயும் அவர் மனைவி மார்கிட்டும். ஒரு காலத்தில் இரண்டு ஆண்களும் சேர்ந்து கடமான் வேட்டைக்குப் போனவர்கள். பிறகு, ஆல்கோட்டின் துருப்பிடித்த வண்டிகளின் எண்ணெய் தன் கிணற்றுக்கு இறங்குகிறது என்று ருனே நகராட்சிக்கு எழுதிப் போட்டார். அதிகாரி வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தார். எண்ணெய் இல்லை. ஆனால் ருனே இரண்டு நிலங்களுக்கும் நடுவில் தேவதாரு மரத்தில் நீளமாக வேலி போட்டுவிட்டார். அதிலிருந்து பதினோரு வருடம் பேச்சு வார்த்தை கிடையாது. எதிரெதிரே வண்டியில் வந்தால் இருவருமே பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மார்கிட்டின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் அதிகாலையிலேயே மேலே போயிருந்தேன். எட்டரை மணிக்கு மழை பிடித்தது. விழுந்த துளியெல்லாம் உறைந்தது. ஒன்பது மணிக்கு மார்கிட்டின் கையிலிருந்து கரண்டி நழுவியது. வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பேச முயன்றாள், வார்த்தை குழறியது. பக்கவாதம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நான் அழைத்த ஆம்புலன்ஸ் மலையடிவாரம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். முதல் வளைவிலேயே பின்னோக்கிச் சறுக்கி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் அந்த மழையில் எழும்பாது. சாலை வழுக்காமலிருக்க மண் தூவும் லாரி வர இரண்டு மணி நேரமாகும்.

"ஆல்கோட்டைக் கூப்பிடணும்" என்றேன்.

ருனே சன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு தன் போனில் எண்களை அழுத்தினார். பட்டியலில் தேடவில்லை, விரலே அறிந்து அழுத்தியது. மணி அடிக்கத் தொடங்கியதும் போனை என் கையில் திணித்தார். "நீ பேசு."

விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்குன்னு சொன்னே?"

"மார்கிட்டுக்கு."

"இன்னைக்குக் கண்ணாடி. அவளைப் படுக்க வெச்சுத்தான் கொண்டு போகணும். கால் மணி நேரம்."

இரட்டைப் பெட்டி வண்டி வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தில் வீரம் எதுவுமில்லை, வெளிறிப்போயிருந்தார். ஏனென்று பிறகுதான் சொன்னார். அந்த வண்டி ஆழமான பனிக்கு ராஜா. ஈரமான கண்ணாடிச் சாலையிலோ ரப்பர் பட்டை பிடிமானமில்லாமல் பலகை போல வழுக்கும். மார்கிட்டைக் கதவுப் பலகையில் கிடத்தி, ஆட்டுத் தோல் போர்த்தி, மூவருமாகத் தூக்கிப் பின்பெட்டியில் வைத்தோம். இரண்டு ஆண்களும் ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நானும் ருனேயும் பின்பெட்டியில் மார்கிட்டின் இருபுறம். வண்டி கிளம்பி முப்பது மீட்டர் போயிருக்கும். பின்பெட்டி தானாகப் பக்கவாட்டில் விலகியது. வண்டி நின்றது. களத் தொலைபேசி கரகரத்தது. எனக்குக் கை எட்டவில்லை. ருனேதான் எடுத்தார். அந்தப் பழைய கருவியில் பேசுவது பெட்டி முழுக்கக் கேட்கும்.

"சாலையில போனா பாலத்துக்கிட்ட ஆத்துல விழுவோம். என் நிலத்து வழியா இறங்கினா பனி ஆழம், பட்டை பிடிக்கும். ருனே, உன் வேலியை இடிச்சுட்டுப் போகட்டுமா?"

பதினோரு வருடங்களில் முதல் பேச்சு.

ருனே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இடி."

பலகைகள் ஒவ்வொன்றாக முறிவது கேட்டது. பிறகு வண்டி உறைந்த மேலோட்டை உடைத்துக்கொண்டு பனிக்குள் அமுங்கியது. முதல்முறையாக அது நிலையாக நகர்ந்தது. நிலம், சதுப்பு, மரம் வெட்டியவர்களின் பழைய தடம் என்று சாலையைத் தொடாமலே இறங்கினோம். தொலைபேசி இன்னும் இரண்டு முறைதான் பேசியது.

"மூச்சு வருதா?"

"வருது."

மறுபடி, கீழே நெடுஞ்சாலை தெரிந்தபோது: "அவ கையைப் பிடிச்சுக்க. இப்ப ஒரு குலுக்கல் இருக்கு."

முப்பத்தெட்டு நிமிடம். ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன் ருனே திரும்பிப் பார்த்தார். ஆல்கோட் முதுகைக் காட்டிக்கொண்டு பட்டைகளில் அடைந்த பனியை மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மார்கிட் பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பியது; வலது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஊஸ்தர்சுந்த் மருத்துவமனையிலிருந்து ருனே எனக்கு வாரம் இருமுறை போன் செய்வார். கடைசியில் ஒவ்வொரு முறையும், "அவன்கிட்டயும் சொல்லிடு" என்பார். நான் போய்ச் சொல்வேன். ஆல்கோட் காபியில் பாலாடைக் கட்டி ஊறுவதைப் பார்த்துக்கொண்டே "சரி" என்பார். "நீங்களே ஒரு வார்த்தை பேசலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். "அவன் கூப்பிடலையே" என்றார். அவருடைய போன் பேட்டரிகளின் மேல், திரை மேலே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. இடித்த வேலியை அந்த வாரமே அவரே புதுப் பலகை போட்டுச் சரிசெய்துவிட்டார்.

மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை மதியம் அவர்கள் வீடு திரும்புவதாகச் செய்தி. அடுப்பு மூட்டி வைக்க நான் முன்னதாகப் போனேன். வாசலில் சுத்தியல் சத்தம்.

"அவ எந்தக் கையால பிடிச்சு ஏறுவா?" என்று நிமிராமல் கேட்டார் ஆல்கோட்.

"இடது."

படியின் இடப்பக்கம் இரண்டு கட்டைகளை நட்டு, ராணுவ இழுவைக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். பிறகு ருனே வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு, கதவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்தபடி, கார் நிற்கும் இடம் வரைக்கும் கால் வழுக்காதபடி, பனி தெரியாமல் தூவினார்.

கீழ் வளைவில் கார் சத்தம் கேட்டது.

"இருங்க, பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"அவங்க களைச்சுப்போய் வருவாங்க" என்று சொல்லிவிட்டு, வாளியோடு நிலத்தில் இறங்கி நடந்தார்.

நான் சன்னலில் நின்று பார்த்தேன். தன் வீட்டுப் படியில் ஏறிக் கதவைத் திறந்தவர் நின்றார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்து, மிச்சமிருந்த சாம்பலைக் கை கையாக அள்ளி, தன் வாசலிலிருந்து சாலை வரைக்கும் தூவத் தொடங்கினார்.