துணி அடைத்த கன்று

புயலடித்த இரவு விடிந்து பார்த்தபோது மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் தென்னைமரம் கிடந்தது. கூரைத் தகரங்கள் பறந்து கொள்ளிடக்கரை முள்ளுக்குள் சிக்கியிருந்தன. எங்கள் பசுக்கள் மரத்துக்கு அடியில் செத்துக் கிடந்தன. ஓரமாகக் கட்டியிருந்த செவலைப் பசு மட்டும் உயிரோடு நின்றாள். அவளுடைய கன்றும் மரத்துக்கு அடியில்தான் செத்துக் கிடந்தது.

அந்தப் பசுக்களின் பாலை அம்மா ஸ்ரீரங்கத்தில் வீடுவீடாக ஊற்றினாள். அதில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். காலேஜில் யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து "மாடு வச்சிருக்கோம்" என்றுதான் சொல்வேன்.

"இவ பால் குடுத்தா வச்சுக்கலாம். இல்லேன்னா தரகருக்குச் சொல்லிட வேண்டியதுதான். கட்டறதுக்கு இடமில்ல, தீனியும் இல்ல," என்றார் அப்பா.

செவலை நாட்டுமாடு. கன்று மடியை முட்டாமல் பால் இறங்காது. கன்று செத்துப்போனால் தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோல் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்துவோம். தாய் அதை நக்கிக்கொண்டே சுரக்கும். தோலை அப்பா உரித்துவிட்டார். திணிக்கத்தான் வைக்கோல் இல்லை. எங்கள் வைக்கோல்போர் நனைந்து நொதித்துக் கிடந்தது. அக்கம்பக்கத்துப் போர்களும் அப்படித்தான்.

"உன் பழைய சுடிதாரையெல்லாம் எடுத்துட்டு வாடி," என்றாள் அம்மா.

பீரோவுக்குள் இருந்ததால் அவை நனையவில்லை. காலேஜுக்குப் போட்டுப்போனவை எல்லாவற்றையும் கொடுத்தேன். அம்மா சாக்கு ஊசியால் தோலைத் தைத்தாள்.

"பாருங்க, இந்தக் கன்னும் காலேஜ் போவப்போவுது," என்றாள் அப்பாவிடம்.

"போவட்டும். பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துடுவோம்," என்றார் அப்பா. புயலுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சோப்பு வாசனை வருதுல்ல," என்று அம்மா அவளுடைய கோமியத்தையே தோலின்மேல் தெளித்தாள். பிறகுதான் செவலை நக்க ஆரம்பித்தாள். ஒரு செம்பு பால் இறங்கியது. அம்மா உடனே பால்தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெயில் வரவேயில்லை. தூறிக்கொண்டே இருந்தது. வைக்கோலாக இருந்திருந்தால் கொஞ்சமாவது காற்று போயிருக்கும். துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டது. தோல் உள்ளிருந்து அழுகியது. மறுபடி உப்பு வைத்தோம், சாம்பல் பூசினோம். தையலில் புழு வந்துவிட்டது. செவலை அதன் பக்கத்தில் போய் நிற்பாள், கூப்பிடுவாள். நக்கமாட்டாள். பால் இறங்கவில்லை. அம்மா வெறுங்காம்பை இழுத்துப் பார்த்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

தரகர் மினி லாரியோடு வந்தார். செவலை ஏறவில்லை. அப்பா இழுத்தார், தரகர் வாலை முறுக்கினார். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கன்னு எங்கங்க? அதை மேல ஏத்துனா தன்னால ஏறிடும்," என்றார் தரகர்.

அப்பா என்னைப் பார்த்தார். "அதை எடுத்துட்டு வாம்மா."

மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு நான்தான் தூக்கிப்போனேன். ஈரத்தில் கனத்துப்போயிருந்தது. லாரியின் உள்மூலையில் சாய்த்து வைத்தேன். செவலை ஒருமுறை குரல் கொடுத்தாள். பிறகு யாரும் இழுக்காமலே ஏறிவிட்டாள்.

தரகர் பின்பலகையைப் போட்டார். லாரி கொள்ளிடப் பாலத்தை நோக்கித் திரும்பியபோது, தையல் விட்ட இடத்தில் என் நீலச் சுடிதாரின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.