நாற்பது குதிரைத்திறன்

2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மனைவிக்கு அரை டம்ளர் காபி. சிறுநீரகம் பழுதானதிலிருந்து அவளுக்குக் குடிப்பதெல்லாம் அளவுதான். திங்களும் வியாழனும் அணைத்தண்ணீரைப் படகில் கடந்து, அக்கரையில் பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போவோம். இக்கரையிலிருந்தே தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ரோட்டில் சுற்றிப்போனால் அவள் உடம்பு தாங்காது.

படகு என் தம்பியுடையது. பழைய இன்ஜின் எதிர்காற்றில் நின்றுவிடும். அப்படி ஒருமுறை டயாலிசிஸ் தவறி, படுக்க முடியாமல் இரண்டு ராத்திரி மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் நாற்பது குதிரைத்திறன் இன்ஜினைப் படகின் பின்புறம் மாட்டினான்.

"கயிறு இழுக்கவே வேணாங்க அண்ணி. பட்டன தட்டுனா போதும். சேறு வந்தா இன்னொரு பட்டன், இன்ஜின் தானா மேல தூக்கிக்கும்."

"அப்ப நீங்க எதுக்குங்க தம்பி? வூட்லயே இருந்துக்கலாமே."

நல்ல இன்ஜின்தான். புகை இல்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். பழையதன் கால்வாசி நேரத்தில் அக்கரை வந்துவிடும். அது வந்த பிறகு ஒரு முறையும் தவறவில்லை.

முன்பெல்லாம் ஆழமான பக்கமாக வளைந்து போவான். வேகம் கிடைத்ததும் கரையோரமாகக் குறுக்கே விடத் தொடங்கினான். கோடையில் தண்ணீர் வடிந்த நிலத்தில் ஊரே பயிர் வைக்கும். அவனும் அங்கே எள் விதைத்து, காட்டுப்பன்றிக்காக முள்கம்பி வேலி போட்டிருந்தான். இந்த வருஷம் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறியதால் வேலி பிடுங்கப்படாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

அந்தத் திங்கட்கிழமை படகு ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. பொத்தானை அழுத்தினான். அவன் சொன்னபடியே இன்ஜின் அலுங்காமல் மேலே தூக்கிக்கொண்டது. தண்ணீரைத் தள்ளும் விசிறியில் முள்கம்பி இறுகச் சுற்றியிருந்தது. ஒரு இதழ் ஒடிந்திருந்தது.

"நம்ம வேலிதாங்க அண்ணா."

"பன்னிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலயே தம்பி," என்றாள் அவள்.

துடுப்புப் போட்டு இக்கரைக்கே திரும்பினோம். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இனி புதன்கிழமைதான் இடம் என்றார்கள். தம்பி வீட்டுக்குள் வராமல் வாசலோடு போய்விட்டான். அன்று பகல் முழுவதும் அவள் தண்ணீர் கேட்கவே இல்லை.

செவ்வாய் காலை முதல் வேலையாக அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. உடம்பில் நீர் கோத்துவிட்டது, புதன் வரை தாங்காது. அவளை எழுப்பி, தர்மபுரி பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னேன்.