யசோதா ஷெட்டில் ஒரு டோக்கன் குறைந்தது

எலும்பும் தோலுமான 'ஸ்கெலட்டன்' யசோதா முறைத்தால் பெங்களூரே நடுங்கும். சரி, பெங்களூர் கொஞ்சம் அதிகம்தான். விநாயக் என்கிற ஒரே ஒருவன் நடுங்கினான். அதுவும் ஏசி காரிலிருந்து இறங்கிய குளிராகக்கூட இருக்கலாம்.

செல்போன் கோபுரம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் சேஃப்டி பெல்ட் தைப்பது யசோதாவின் தொழில். அவள் ஷெட்டில் தைக்கும் பெண்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இருட்டோடு எழுந்து பெங்களூர் வேலைக்கு ரயிலில் நசுங்கிப் போய் வந்தவர்கள். யசோதாவும் அப்படி நசுங்கினவள்தான். அந்த ரயிலை விட்டொழிக்கத்தான் ஷெட்டையே போட்டாள்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. அதை எடுக்க, பெல்ட்டை இழுத்துச் சோதிக்கும் மெஷின் வேண்டும். மூடிப்போன தங்கச் சுரங்கம் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுக்கு, அடமானம் வைக்கப் பத்திரம் ஏது? பேங்க் கையை விரித்தது. அப்போதுதான் இந்த ஃபண்ட் வந்து சேர்ந்தது. பாதி அரசாங்கப் பணம். கடனாகத் தராது, கம்பெனியில் பங்கை வாங்கிக்கொண்டு கூடவே உட்கார்ந்துகொள்ளும். கடன்காரனையாவது வாசலில் நிறுத்தலாம். பங்குக்காரன் நேராக அடுப்படிக்கு வருவான்.

வந்தவன்தான் விநாயக், ஃபண்டின் ஆபீசர். வாசலில் ஸ்வீட்டி அவனிடம் ஒரு பித்தளை டோக்கனை நீட்டினாள். பெல்ட் வார் வெட்டுகிறவள் அவள்.

"இது எதுக்கு?"

"உள்ள வர்றவங்க எடுத்துக்கணும் சார். போவச்சொல்ல அந்த போர்டு ஆணியில மாட்டிட்டுப் போவணும்."

அது யசோதாவின் அப்பா நெடுஞ்செழியன் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எல்லா ஆணியும் நிறையாமல் யசோதா ஷெட்டில் ஷட்டர் இறங்காது, ஒருத்தியும் வீட்டுக்குப் போகமாட்டாள்.

விநாயக் டோக்கனை மேஜைமேல் விட்டெறிந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். பணம் ரெடி. ஆனால் ஷெட்டைப் பெங்களூர் பக்கம் மாற்ற வேண்டும்.

"எம்ப்ளாயீஸ்கிட்ட இப்ப சொல்லாதீங்க மேடம். வர்றவங்க வருவாங்க. இந்தப் பேப்பர்ல இன்னைக்குள்ள சைன் பண்ணி அனுப்பிடுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில், சாயங்காலம் வேலை முடிந்து பார்த்தால் ஓர் ஆணி காலி. விசிட்டர் ஆணி. கார் போனதைக் கண்ணால் பார்த்தவர்களே நாடா ரோல்களுக்குப் பின்னால் போய் விநாயக்கைத் தேடினார்கள். கக்கூஸ் கதவையும் தட்டினார்கள். யசோதா போன் போட்டாள்.

"சார், நீங்க இன்னும் உள்ளதான் கீறீங்க."

"வாட்? நான் பங்காருபேட்டை தாண்டிட்டேன்!"

"போர்டு அப்பிடி சொல்லலியே. டோக்கன் வராம ஷட்டர் எறங்காது. டோக்கனைக் கொண்டாந்தீங்கன்னா கையெழுத்தைப் பத்தியும் பேசலாம்."

கையெழுத்து என்றதும் வண்டி திரும்பியது. டோக்கன் அவன் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்தது. அது அங்கே எப்படிப் போனது என்று யசோதாவுக்குத் தெரியவே தெரியாதாம்.

அவன் உள்ளே நுழைந்தபோது பெண்கள் மொத்தமும் பெஞ்சுகளில் உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள்.

"வாங்க சார்," என்றாள் யசோதா. "என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க. ஷெட்டு எங்க போவுது?"

"மேடம், நான்தான் வேணாம்னு…"

"சொல்லுங்க."

சொன்னான். ஷெட்டே கொதித்தது. தையல்காரி பார்வதம்மா முதலில் எழுந்தாள்.

"இன்னாப்பா, அந்த ரயில்ல ஒருநாளு நின்னுக்குனே வந்திருக்கியா நீ? என் முட்டிய வந்து கேளு, சொல்லும்!"

"இது கவர்மென்ட் ஸ்கீம்மா, உங்க நல்லதுக்குத்தான்…"

"எங்க நல்லதை எங்களுக்குத் தெரியாம செய்யச் சொன்னியே, அது எந்த ஸ்கீமு?"

யசோதா பேப்பரை அவன் முன்னால் வைத்தாள். "ஷெட்டை மாத்தணும்ன்ற வரிய அடி. இப்பவே கையெழுத்து போடறேன்."

"அது கமிட்டி முடிவு மேடம். என்னால முடியாது."

"அப்போ உன் கமிட்டியை வரச் சொல்லு. ஆளுக்கொரு டோக்கன் தரேன். ஒரு ஷிஃப்ட் எறங்கிப் பாத்துட்டுப் பேசட்டும்."

அவன் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனான். சோதிக்கிற மெஷினும் பெரிய ஆர்டரும் அதே காரில் ஏறிப் போயின. அது யசோதாவுக்குத் தெரியும். நாளைக்கும் பழையபடி சில்லறை ஆர்டர்தான். டோக்கனைக் காலி ஆணியில் மாட்டும்போது அவள் கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு ஷட்டரை இழுத்து இறக்கினாள்.

"மறந்துபோய் எடுத்துனு போனான் பாரு," என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "நம்ம போர்டு விடுமா? கழுத்தைப் புடிச்சு இழுத்தாந்துச்சு!"

"போர்டு எங்கக்கா இழுத்தாந்துச்சு?" என்றாள் ஸ்வீட்டி, பூட்டை நீட்டிக்கொண்டே. "அவரு டீ குடிக்கச்சொல்ல டோக்கனை அவரு பையில போட்டது நீதானே."