மணிக்கட்டில் கட்டிய சம்பளப் பை

எங்கள் தீவில் வங்கி கிடையாது. நகராட்சி ஊழியர்களின் சம்பளம் மாதாமாதம் எதிரே உள்ள சமர் என்ற பெரிய தீவின் கரையிலிருந்து என் படகில்தான் வரும். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஊரார் படகில் தண்ணீர் இறைத்துப் பிழைத்து, இன்று மூன்று படகுக்குச் சொந்தக்காரன். தெயோதுலோ என்று கேட்டால் துறைமுகத்து நாய்கூட வழி காட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல. அந்தச் சம்பளத்தைச் சுமந்து வந்த காசாளர் சலூத் காபோர்னேஸைப் பற்றி.

ஒல்லியான பெண். பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படகின் நடுவில் உட்கார்ந்து பணப் பையை மடியில் வைத்து, அதன் கைப்பிடியை நைலான் கயிற்றால் தன் இடது மணிக்கட்டோடு கட்டிக்கொள்வாள்.

"யாரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க? நீ பையையா, பை உன்னையா?" என்று நான் கேலி செய்வேன். எங்கள் பேச்சில் அண்ணனை மானோ என்போம், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சிரிங்க மானோ, சிரிங்க. நீங்க இஸ்கோவை மறந்துட்டீங்க, நான் மறக்கல."

இஸ்கோ அவளுக்கு முன் காசாளராக இருந்தவர். ஊரில் தீப்பிடித்தபோது அலுவலகமும் அவர் வீடும் எரிந்தன, பணமும் எரிந்துபோனது. இப்படி ஆபத்தில் அரசுப் பணம் போனால், காசாளர் ஒரு மாதத்துக்குள் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், தன் கவனக்குறைவால் போகவில்லை என்று நிரூபிக்கவும் வேண்டும். அப்போதுதான் தணிக்கைக்காரர்கள் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பார்கள். இஸ்கோ எரிந்துபோன தன் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்ததில் மாதம் ஓடிவிட்டது. முதலில் சம்பளம் பிடித்தார்கள், பிறகு ஓய்வூதியமும் போனது. இன்று சந்தையில் கருவாடு விற்கிறார். சலூத் வேண்டுமென்றே அவரிடம்தான் கருவாடு வாங்குவாள். வாங்கியதும் நேராகப் பெட்டியின் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கப் போவாள்.

புயல் வருகிறது என்று வானொலி சொன்னால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். அரிசி வாங்க வேண்டும், ஆணி வாங்க வேண்டும், கூரையை இழுத்துக் கட்டக் கயிறு வாங்க வேண்டும். ஆகவே எல்லோரும் வீட்டுக்குள் ஓடுகிற நேரத்தில் எங்கள் காசாளர் கடலில் இருப்பாள். அந்த நவம்பரிலும் அப்படித்தான்.

வங்கியிலிருந்து பையோடு வந்தவள் துறையில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"மானோ, எச்சரிக்கைக் கொடி ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"இங்கயே தங்கிடலாமா?"

"புயலுக்குப் பயந்து இந்நேரம் பேங்கையும் மூடியிருப்பாங்க. இந்தப் பையை வச்சுக்கிட்டு விடுதியிலயா? ராத்திரி எவனாவது கதவைத் தட்டினா என்ன பண்ணுவ?"

சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள்.

பாதி ஜலசந்தியில் தண்ணீர் கறுத்தது. எதிரே இருந்த எங்கள் தீவு காணாமல் போனது. படகு சாயாமலிருக்க என் ஆட்கள் இருவரும் அதன் இருபுறமும் நீண்டிருக்கும் மூங்கில் மிதவைக் கைகளின் மேல் ஓடிப்போய் நின்றார்கள். பின்னாலிருந்து ஓர் அலை எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. இடப்பக்க மூங்கில் முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த மூச்சில் நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

என் ஆட்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார்கள். சலூத்தைக் காணவில்லை. பிறகு அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. நீர் குடித்த பை அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. முடியைப் பிடித்து மேலே தூக்கினேன்.

"கயித்தை அவுரு!"

"வேணாம் மானோ! இது போனா நானும் போனேன்!"

இடுப்புக் கத்தியை எடுத்து நானே அறுத்தேன். பை ஒரு நொடிகூட மிதக்கவில்லை. அதற்குள் அவள் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

ஒரு மீன்படகு எங்களைக் கரை சேர்த்தது. கை தொங்க, மழையில் நின்றபடி அவள் கேட்ட முதல் கேள்வி, "போலீஸ் ஸ்டேஷன் எங்க இருக்கு?" என்பதுதான். மருத்துவரிடம் போகவில்லை. சொட்டச் சொட்ட அங்கே போய், பணம் போனதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள்.

புயல் வந்தது, தகரக் கூரைகளைக் கொண்டுபோனது. சம்பளம் கிடைக்காதவர்கள் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு பேரும் பங்கு போட்டுட்டாங்க" என்றார்கள். சலூத் பகலிலேயே சன்னலைச் சாத்தினாள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் அடுப்படிக்குள் ஒளிந்தாள். நானோ கள்ளுக்கடையில் உட்கார்ந்து, "அதெல்லாம் ஒரு அலையா? மூங்கில் மட்டும் தாங்கியிருந்தா ஒத்தைக் கையால சமாளிச்சிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் இடத்தில் எந்தப் படகுக்காரனும் அப்படித்தான் பேசுவான்.

தணிக்கைக்காரர் விசாரணைக்கு வந்தார். கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் சாட்சி சொல்லப் போனேன்.

"புறப்பட்டப்போ கொடி ஏறியிருந்ததா?"

"இல்ல சார்."

"சரி. ஒத்தைக் கையால சமாளிக்கிற அலைதான்னு கள்ளுக்கடையில சொன்னீங்களாமே? சாதாரண அலைன்னா இது கவனக்குறைவு. பணத்தை மேடம்தான் கட்டணும்."

பக்கத்தில் சலூத்தின் மாவுக்கட்டுக் கை மேசையில் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது.

பயம் என்ற சொல்லை அதுவரை நான் என்னைப் பற்றிச் சொன்னதே இல்லை. எழுந்து நின்றேன்.

"எழுதிக்கங்க சார். அந்த அலையைப் பாத்ததும் கால்சட்டையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன். அம்மான்னு கத்தினேன். எங்கம்மா செத்து எவ்வளவோ வருஷமாச்சு. இவ கடைசி வரைக்கும் பையை விடல. அறுத்தது நான்தான். அறுக்கலைன்னா நீங்க கேள்வி கேக்க இங்க ஆளே இருந்திருக்காது."

பின்னாலிருந்து என் ஆள் ஒருவன், "மானோ, கடல் தண்ணின்னுல்ல நாங்க நெனைச்சோம்!" என்றான். மண்டபமே சிரித்தது. தணிக்கைக்காரர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலமும் வந்து போனது. அந்த நாட்களில் சலூத் பாதியாக இளைத்தாள். ஒரு நாள் நகராட்சிப் பொருளாளர் துறைக்கு ஓடிவந்தார்.

"சலூத்! விடுவிச்சுட்டாங்க! ஒரு பெசோகூட நீ கட்ட வேணாம்!"

அவள் ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வளைந்து கூடிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இதை இஸ்கோகிட்ட எப்படிச் சொல்றது மானோ?" என்றாள்.

கள்ளுக்கடையில் என்னை இன்றும் 'நனைஞ்ச துலோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். என் நனைந்த கால்சட்டை ஒருத்தியின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றியது. அவர்களுடைய காய்ந்த கால்சட்டைகள் யாரைக் காப்பாற்றின?

இப்போதும் அவள் என் படகில்தான் வருகிறாள். பையை மணிக்கட்டில் கட்டுவதில்லை. காலி எண்ணெய் டப்பா ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டுகிறாள், விழுந்தால் மிதக்கட்டும் என்று. போன மாதம் துறையில் நின்று வானத்தைப் பார்த்தாள். கொடி ஏறவில்லை. மேகம் மட்டும் தாழ்ந்திருந்தது.

"மானோ, உண்மையைச் சொல்லுங்க. பயமா இருக்கா?"

கடலைப் பார்த்தேன்.

"இருக்கு."

"அப்ப நான் ஏறல" என்று சொல்லி, பையை வங்கியிலேயே திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள்.