நீலம் போர்த்திய ஆரஞ்சு

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்தது. அப்பா நீலக் கட்சி. அம்மாவின் தம்பியான மாமா ஆரஞ்சுக் கட்சி. இரண்டுமே காட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். இரண்டும் ஒரே மாதிரி அலறும், ஒரே மாதிரி புகை கக்கும். கம்பெனி வேறு, அதனால் நிறம் வேறு. பத்து வயது வரை எனக்கு அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊரான யோங் பெங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குள் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். ஒருநாள் ஓடையைக் கடக்கும்போது அப்பாவின் வண்டி நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. மாமா கரையில் நின்றுகொண்டு, கூட வந்தவர்கள் எல்லார் முன்னாலும், "மச்சான், அத மியூசியத்துக்குக் குடுத்துட்டு ஆரஞ்சு வாங்குங்க லா" என்றாராம். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே, "ஆரஞ்சு வண்டியில ஏறினா என் பேர மாத்திக்கிறேன்" என்றாராம். அதோடு சேர்ந்து போவது நின்றது. அந்தத் தீபாவளிக்கு மாமா வந்தபோதும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு, முறுக்கு டின்னை வாங்கிக்கொண்டு தம் ஊரான மூவாருக்குத் திரும்பிவிட்டார்.

சில மாதங்களில் அப்பாவின் வண்டி ஒரேயடியாகப் படுத்தது. பிஸ்டன் இறுகிப்போய் சிலிண்டரையும் கெடுத்துவிட்டது; அந்தப் பழைய மாடலுக்கு இனிச் சாமான் கிடைக்காது என்று பட்டறைக்காரர் கையை விரித்தார். அப்பா வேறொரு நீல வண்டி தேடிப் பொந்தியான் வரை போனார். கண்ணில் பட்டதெல்லாம் அதைவிடக் கிழடு. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காரைக் கழுவினார். மத்தியானம் அதே காரை மறுபடியும் கழுவினார். அம்மா அதைச் சன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தார்.

பள்ளி விடுமுறைக்கு நான் மூவாருக்குப் போயிருந்தேன். மாமா வீட்டு வாசலில் பழைய ஆரஞ்சு வண்டி ஒன்று நின்றது. வேலை மாறிச் சிங்கப்பூருக்குப் போன நண்பர் விட்டுச்சென்றது. மாமா அதன் ஆரஞ்சு பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிவிட்டு நீல மூடிகளை மாட்டினார். துளைகள் பொருந்தாத இடத்தில் புதிதாகத் துளை போட்டார். சட்டத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்தார். எஞ்சினில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரை அரத்தால் ராவினார். நீலக் கட்சியின் ஸ்டிக்கர்களை ஒட்டும் வேலை எனக்கு. காற்றுக் கொப்புளம் வராமல் துணியால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார் மாமா. பண்ணினேன். அன்றைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா லோரியில் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டின் முன் இறக்கினார். "நீலம்தான் மச்சான். உங்களுக்காகவே தேடிப் பிடிச்சேன்."

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். அரம் பட்ட இடத்தில் அவருடைய கட்டைவிரல் சற்று நின்றது. மாமா கேட்டைத் திறந்துவிடப் போனார். அப்பா ஏறி உட்கார்ந்து, எப்போதும்போல் வலது காலைத் தூக்கினார். அங்கே உதைப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா அதுவரை வைத்திருந்த நீல வண்டிகளுக்கு உதைக்கும் கம்பி வலப்பக்கம். இந்த ஆரஞ்சுக்கு இடப்பக்கம். எத்தனை மூடி மாற்றினாலும் அதை மாற்ற முடியாது. இடது காலால் உதைத்தே பழகிய மாமாவுக்கு அது நினைவுக்கே வரவில்லை போலும். பிறகாவது உறைத்ததா என்றும் தெரியாது.

தூக்கிய கால் தூக்கியபடி இருக்க, அப்பா கேட்டருகே முதுகைக் காட்டி நின்ற மாமாவை ஒருமுறை பார்த்தார். காலை இறக்கினார். இடது காலால் உதைத்தார். ஐந்தாவது உதைக்கு வண்டி அலறியது. அப்பாவுக்கு வலது முட்டியில் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, கண்ணிமை வரை செம்மண் சேற்றோடு திரும்பி வந்தார்.

"எப்படி மச்சான்?"

"நீலம் நீலம்தான் லா."

மாமா சட்டென்று திரும்பிக்கொண்டு இருமினார். அம்மாவுக்கு அடுப்படியில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

மறுபடியும் இருவரும் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். திரும்பி வந்ததும் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, அப்பா நண்பர்களிடம் தம் நீல வண்டியின் பெருமையைப் பேசுவார். மாமா நுரைத்த தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே, "தோத்துட்டேன் மச்சான், ஒத்துக்கிறேன்" என்பார். நான் ரொட்டி சானாயைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துப் போடுவேன். என் கண்ணெதிரே அப்பாவை ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஸ்டிக்கர் ஒட்டியவள் நான்.

மூன்றாவது வாரம் தாங்கவில்லை. அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, இது நீலம் இல்ல. ஆரஞ்சு. மாமா மாத்திட்டாரு. நான்தான் ஸ்டிக்கர் ஒட்டுனேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பா தண்ணீர்க் குழாயைத் தரையில் போட்டார். "அடடா, அலமாக்" என்றார், மெதுவாக. பிறகு குனிந்து ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டியிருக்க. ஒரு கொப்புளம்கூட இல்ல."

"உங்களுக்குக் கோவம் வரலியா?"

"நீ சொன்னது மாமாவுக்குத் தெரிய வேணாம், பாப்பா. எவ்வளவு துளை போட்டிருக்கான் பாரு. கை வலிச்சிருக்கும்."

அவ்வளவுதான். குழாயை எடுத்துப் பின் சக்கரத்தைக் கழுவத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்து வாசலில் ஹார்ன் அடித்தார். அப்பா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "நீலத்துக்குப் பின்னாலயே வா லா, வழி தெரியும்" என்று மாமாவைச் சீண்டிவிட்டு முன்னால் போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அப்பாவுக்கு விஷயம் ஏறவில்லையே என்று கோபமாக வந்தது. தொழிற்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர்தான். ஆனாலும் வண்டி விஷயத்தில் அப்பா கொஞ்சம் மந்தம் என்று அன்று முடிவு செய்தேன். அவர் மனம் நோகக்கூடாதே என்று, அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.