இடைவேளையில் பொறுப்பேற்றவர்

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் நடந்தது இது. அப்போது நான் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் கணக்கு அதிகாரி. ஜனக்புரியில் வீடு, பஸ்ஸில் தொங்கல், ஆபீசில் ஃபைல் என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த என்னை, திடீரென்று ஒரு நாள் ஆபீசின் கால்பந்து அணிக்கு மானேஜராகப் போட்டுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் படித்ததை மேலதிகாரி பார்த்திருக்கிறார். நான் படித்தது கிரிக்கெட். எனக்கும் கால்பந்துக்கும் அதுவரை இருந்த ஒரே தொடர்பு, பள்ளிக்கூடத்தில் அது ஒருமுறை என் மூக்கில் வந்து மோதியதுதான்.

எங்கள் அணி டெல்லி லீகில் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் பெயருக்குத்தான் கிளார்க்குகள். காலையில் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். சம்பளமே ஆடுவதற்குத்தான். நன்றாக ஆடக்கூடியவர்கள். ஆனால் அணிக்கு ஒரு சாபம் இருந்தது. நிர்வாகப் பிரிவுக்கு எவர் தலைவரோ அவரே அணிக்கும் தலைவர். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவர், வந்ததும் வராததுமாகக் கோச்சை மாற்றுவார், மானேஜரை மாற்றுவார். அப்போதுதான் தான் வந்திருப்பது நாலு பேருக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த ஒரே சீசனில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் இருந்தவர் பஞ்சாபி. பந்தை ஓங்கி உதை, பின்னாலேயே ஓடு என்பது அவர் கட்சி. அடுத்து வந்த வங்காளி, பந்து தரையை விட்டு எழும்பினாலே முகத்தைச் சுளித்தார். மூன்றாமவருக்கு மல்யுத்தத்தில்தான் மோகம். என்னை மானேஜராகப் போட்டவர் அவர்தான். அவர் கொண்டுவந்த கோச் பந்தை ஓரமாக வைத்துவிட்டுத் தண்டால் எடுக்கச் சொன்னார். ஆக, பாதிப் பேர் வானத்தைப் பார்த்து ஆட, மீதிப் பேர் தரையைப் பார்த்து ஆட, எல்லோரும் புஜத்தை மட்டும் நன்றாக வளர்த்துக்கொண்டு தோற்றார்கள். சீசன் முடிய ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தபோது, அதில் டிரா செய்தாலாவது முதல் டிவிஷனில் தங்கலாம், தோற்றால் இறங்க வேண்டியதுதான் என்ற நிலைக்கு வந்திருந்தோம். அந்தச் சமயம் பார்த்து மூன்றாமவரும் மாற்றலாகி, கோச்சும் அவரோடு மூட்டை கட்டிவிட்டார்.

மிஞ்சியவர்கள் நானும் கேப்டனும். கேப்டன் வியாசர்பாடிக்காரன். நடுவில் நின்று ஆடுகிறவன். எதிரி எவ்வளவு வேகமாக வந்தாலும் இவன் காலடியில் பந்து சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் உத்தியோகத்தில் டெம்பரரி. அணி முதல் டிவிஷனில் நீடித்தால் சீசன் முடிவில் பர்மனென்ட், இறங்கினால் டெம்பரரி ஆட்களுக்கெல்லாம் நமஸ்தே என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி அவன் முனிர்காவில் ஒரு அறை பிடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும் மெட்ராஸிலிருந்து கூட்டி வந்திருந்தான்.

கடைசி ஆட்டத்தன்று காலையில்தான் நாலாவது அதிகாரி வந்து பொறுப்பேற்றார். தமிழர், கும்பகோணம் பக்கம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம ஊர்க்காரர்ப்பா. இனிமே உனக்குக் கவலையே இல்லை" என்றேன் கேப்டனிடம்.

"யாரா இருந்தா இன்னா சார், இன்னிக்கு மேச்சு முடியற வரைக்கும் கண்டுக்காம வுட்டாப் போதும்" என்றான்.

டெல்லி கேட் பக்கத்து மைதானத்தில் ஆட்டம். பஞ்சாபி, வங்காளி, மல்யுத்தம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கேப்டன் சொன்னபடி மட்டும் ஆடினார்கள். அந்த சீசனிலேயே அவர்கள் ஒரே அணியாக ஆடி நான் பார்த்தது அன்றுதான். முதல் பாதியில் ஒரு கோலும் போட்டார்கள். இடைவேளைக்கு விசில் ஊதியபோது, கால்பந்து எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வெள்ளை அம்பாஸடர் வந்து நின்றது. ஆரஞ்சுச் சுளை சப்பிக்கொண்டிருந்தவர்களை வரிசையாக நிற்கச் சொன்னார் புதியவர்.

"கேப்டன் யாரு?"

"நான்தான் சார்."

"பர்மனென்ட்டா?"

"டெம்பரரி சார். இந்த சீசன் முடிஞ்சா பண்றதா சொல்லிக்கீறாங்க."

அவர் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "டெம்பரரி ஆள்கிட்ட எப்படி சார் சார்ஜ் குடுத்தீங்க?"

ஆபீசில் அப்படி ஒரு விதி உண்டுதான். டெம்பரரி ஊழியரிடம் பணப்பெட்டியையோ ஸ்டோர் சாவியையோ ஒப்படைக்கக் கூடாது.

"சார், இது ஸ்டோர் இல்லை, ஃபுட்பால்" என்றேன்.

"சார்ஜ்னா சார்ஜ்தான். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீங்க பதில் சொல்வேளா? இங்க சீனியர்மோஸ்ட் பர்மனென்ட் யாரு?"

அப்படி ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் இடது ஓரத்தில் பறந்தவராம். நான் பார்த்த காலத்தில் தொப்பையும் தானுமாக ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பஞ்சாபிப் பெரியவர். விஷயம் புரிந்ததும் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சாப், மேரா குட்னா!" என்று அலறினார்.

"அவர் ஆடவே இல்லை சார், பெஞ்சில இருக்கார்" என்றேன்.

"அப்ப இறக்குங்கோ."

"யாரை வெளியே எடுக்கறது?"

"இதென்ன கேள்வி? சார்ஜை ஹேண்ட் ஓவர் பண்ணினவன் அதே சீட்ல உக்காருவானா? ரிலீவ் பண்ணுங்கோ."

நான் வாழ்நாளில் மேலதிகாரியிடம் குரலை உயர்த்தியவன் இல்லை. அன்று உயர்த்தினேன். பழக்கமில்லாததால் கீச்சென்றுதான் வந்தது. "சார், இவன் இல்லேன்னா தோத்துடுவோம். தோத்தா இவன் வேலை போயிடும். குழந்தை குட்டியோட இருக்கான் சார்!"

அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகக் கேட்டார். "உங்களை மானேஜராப் போட்டது யாரு?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர்."

"அவர்தான் ரிலீவ் ஆயாச்சே. நீங்களும் ஆயாச்சுன்னு வெச்சுக்கோங்கோ."

கேப்டன் தன் கையிலிருந்த பட்டையை அவிழ்த்து, கண் கலங்கி நின்ற பெரியவரின் கையில் கட்டினான். "பாயி சாப், ஓட வேணாம். நடுவுல நின்னுகினு இருங்க, போதும்" என்று பாதி தமிழிலும் பாதி சைகையிலும் சொல்லிவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல மனசு வரவில்லை. பூட்டை எடுத்துவிட்ட வீட்டில் புகுவதுபோல் எதிரணி நடுவிலேயே வந்து போயிற்று. பெரியவர் முடிந்த மட்டும் ஓடினார், இரண்டு தடவை விழுந்தார். கேப்டன் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினான். லைன்ஸ்மேன் வந்து அவனை மிரட்டி உட்கார வைத்தார். முதல் கோலை அவர்கள் திருப்பியபோது புதியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ மீட்டிங் இருக்கிறது என்று எழுந்தார். கார் கேட்டைத் தாண்டும்போது இரண்டாவது கோல் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திரும்பவில்லை.

முடிவு விசில் ஊதியதும் பெரியவர் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவரைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, தோளில் சாய்த்து அழைத்து வந்தவன் வேலை போன கேப்டன்தான்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனேன். இந்த ஒருவனுக்காவது ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன்.

"ரூல் இருக்கே, நான் என்ன பண்றது? தவிர, டீம் ஒரு வருஷமா தோத்துண்டே இருக்கு. கேப்டன்ஷிப் சரியில்லைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

நான் கணக்கு பார்க்கிறவன். எத்தனையோ மோசடிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு இணையான மோசடியை எந்தக் கணக்கிலும் பார்த்ததில்லை. இதில் இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மனிதர் கெட்டவரே இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் அதட்டமாட்டார். சில மாதங்களில் பதவி உயர்வோடு பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். பிரிவுபசாரத்தில் ரோஜா மாலையோடு நின்று, ஒரு தலைவன் எப்படி எல்லோரையும் அரவணைத்துப் போகவேண்டும் என்று பேசினார். நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் கவனிப்பார்கள்.

வியாசர்பாடிக்காரனை வழியனுப்ப நான் புது டெல்லி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பாத்திரம் பண்டம், சுருட்டிய பாய், தூங்கும் குழந்தை. அவன் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான்தான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அமைச்சருக்கு எழுதுகிறேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று.

"வுடுங்க சார்" என்றான் அவன். "கோல் போட்டவன் மேல கோவம் வரும். தப்பா விசில் ஊதுனா ரெஃப்ரி மேல வரும். மேச்ச முழுசாக் கூடப் பாக்காத ஆளு மேல இன்னான்னு சார் கோவப்படறது?"

ரயில் போய்விட்டது.

அவன் கோபத்தை டெல்லியிலேயே விட்டுவிட்டுப் போனான். வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் அது என்னிடமே தங்கிவிட்டது. யாருக்கும் கெடுதல் நினைக்காமல், சட்டப்படியே, டீ குடித்துக்கொண்டே ஒருவன் சோற்றைத் தட்டிவிட முடியும் என்று அன்று பார்த்துவிட்டேன். அதனால்தான், பதவி உயர்வு கிடைத்துப் புதிதாக ஒரு நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு முறையும், வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் போனதும், நான் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பது என் இரண்டு கைகளைத்தான்.