முன்கூட்டியே ஒரு கும்பிடு

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் புனிதாவைத் தெரியாத தாய்மார்கள் அந்தத் தாமான் குடியிருப்பில் கிடையாது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனால் வேனில் அவள் ஏறி உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் அத்தனை வாண்டுகளும் வாயைப் பொத்திக்கொள்ளும். நாற்பத்து மூன்று வயதுக்குள் தன் உழைப்பில் அவள் வாங்கிய ஒரே பெரிய பொருள் அந்த வேன். அதை விற்றுவிடலாம் என்று புருஷன் வேலாயுதம் சொன்னபோது வயிற்றில் அடித்தது போலிருந்தது அவளுக்கு.

அவன் சும்மா சொல்லவில்லை. தைப்பூசம் முடிந்த வாரத்தில், பெட்ரோல் நிலையத்தில் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் மேல் ஒரு தடியன் ஓடி வந்து மோதினான். அவள் தரையில், கைப்பை அவன் கையில். முழங்கை எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

"போதும் லா புனிதா. வண்டிய வித்துட்டு வீட்டுல இரு. மத்ததெல்லாம் நா பாத்துக்குறேன்," என்றான் வேலாயுதம். அவன் தூரத்து ஜோகூருக்கு லோரி ஓட்டுகிறவன். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது.

வீட்டில் இருந்து என்ன செய்வதாம்? மாமியார் வீரம்மாவோடு உட்கார்ந்து சீரியலுக்குக் கண்ணீர் விடுவதா? கை சரியானதும் டயர் கடைக்கு மேல்மாடியில் ஜுஜிட்சு என்ற தற்காப்புக் கலை சொல்லித்தரும் அஃப்ரினிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அஃப்ரினுக்கு முப்பது வயதுதான். ஆனால் பாய் விரித்த அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஓடி வர்றவன நிறுத்தப் பாக்காதீங்கக்கா, நசுங்கிருவீங்க. வரட்டும்னு விடுங்க. சட்டைய இறுக்கிப் புடிச்சு, அவன் காலடியிலேயே உக்காந்து, பாதத்த அடிவயித்துல வச்சு மல்லாக்கச் சாயுங்க. அவன் வேகமே அவனத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போயிரும்."

எல்லாம் வந்தது புனிதாவுக்கு. பிடி வந்தது, உட்காருவது வந்தது, முகவாயை நெஞ்சோடு ஒட்டி விழுவதும் வந்தது. பாதம் எதிராளி மேல் பட்டதும்தான் வந்தது வினை. பட்ட மறுகணமே அவள் கை சட்டையை விட்டுவிடும். போய் அந்த ஆளைத் தொடும், திரும்பி வந்து தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பேருந்தில் யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டுத்தானே பழக்கம்? அதற்குள் எதிராளி முழுக் கனத்தோடு அவள் மேல் விழுந்து கிடப்பான்.

"கண்ணுல ஒத்திக்கிறதுக்குள்ள கத முடிஞ்சிரும்கா," என்று தலையில் அடித்துக்கொண்டாள் அஃப்ரின்.

"நா வேணும்னேவா செய்யறேன்? கை தானாப் போவுது லா."

இது வேலாயுதத்தின் காதுக்குப் போனது. விழுந்து விழுந்து சிரித்தான். "என்னையத் தூக்கிப் போட்டுக் காட்டு, வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். முடியலன்னா வித்துடணும். வாங்க ஆளு ரெடியா இருக்கு," என்றான். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். அவன் முழு உடம்பையே விட்டான். புனிதாவும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. யார் மேலோ கால் பட்டாலே கை கும்பிடப் போகிறது, இதில் புருஷன் மேலா? கல்லானாலும் கணவன் என்று சொன்னவர்கள், கல்லை எட்டி உதைக்கலாமா என்று சொல்லாமல் போய்விட்டார்களே!

விழக் கற்றுக்கொள்ளாதவனைப் பாயில் ஏற்ற மாட்டேன் என்று அஃப்ரின் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதனால் லோரி ஓட்டம் இல்லாத நாட்களில் வேலாயுதம் வந்து உருண்டான். அவன் உருளும்போதெல்லாம் கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பாராம்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை வீரம்மாவும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "புருஷன் மேல காலா? சிவ சிவா," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அஃப்ரின் தடித்த மெத்தையை இழுத்துப் போட்டாள்.

புனிதா நேரே புருஷனிடம் போனாள். அவன் அடிவயிற்றைத் தொட்டாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

வேலாயுதத்தின் முகம் இளகிவிட்டது. "சரி சரி, மன்னிப்பெல்லாம் எதுக்கு? வா, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"மன்னிப்புதான். ஆனா வீட்டுக்குப் போறதுக்கு இல்லங்க. அப்புறம் கும்பிட நேரம் இருக்காது, அதான் இப்பவே. வாங்க, நெஜமா ஓடி வாங்க."

ஓடி வந்தான். தரை அதிர வந்தான். புனிதாவுக்குப் பெட்ரோல் நிலையம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஆனால் கை சட்டையைப் பிடித்துவிட்டது. உட்கார்ந்தாள், பாதத்தை வைத்தாள், சாய்ந்தாள். கும்பிட்டு முடித்திருந்த கை இந்த முறை பிடியை விடவில்லை. அவ்வளவு பெரிய உருவம் அவள் தலைக்கு மேல் போய் மெத்தையில் மல்லாந்து விழுந்தது. கீழே டயர் கடையில் யாரோ சத்தம் போட்டார்கள்.

வீரம்மா எழுந்து நின்றாள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். "தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே மிதிச்சா? பாவம் ஒட்டாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வேலாயுதம் எழுந்திருக்கவில்லை. முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்று கண் கலங்கியது. புனிதா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடி பட்டுருச்சா?"

"இல்ல. அன்னிக்கு நீ பெட்ரோல் ஸ்டேஷன்ல விழுந்து கெடந்தப்ப நா ஜோகூர்ல இருந்தேன் புனிதா. அதுலேருந்து போன் அடிச்சாலே உனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு லோரிய ஓரங்கட்டிர்றேன். வண்டிய வித்துட்டா நீ வீட்டுலயே இருப்பேன்னு..."

தன்னால் முடியாது என்று நினைத்துத்தான் விற்கச் சொல்கிறான் என்று இத்தனை மாதமும் அவள் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய மனுஷனுக்குள் இருந்தது வெறும் பயம். அவளுக்குக் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் வந்தது.

"பயமாருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அத எப்படி லா சொல்றது?"

அவன் நெற்றி வேர்வையைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். "நாளைக்கு ஸ்கூல் இருக்கு. அஞ்சரைக்கு எந்திரிச்சு வாசக் கேட்டத் தெறந்து விடுங்க, நா வண்டி எடுக்கணும்."

"சரி," என்றான் வேலாயுதம், படுத்தபடியே.